குதிகால் வெடிப்பு

பாகூரில் தணிகைவேலின் கரும்பு ஆலை அச்சில் விழுந்த வெடிப்பு, இரும்பை விட்டிறங்கி ஊருக்குள் நடந்தது முப்பத்தாறாம் வருஷம் தை மாசம். வெல்லம் விலை சரிந்து கிடந்த வருஷம் அது. அச்சு பிரான்சிலிருந்து கப்பலில் வந்தது. வெறும் இரும்பில்லை, வலுவுக்காக வேறு உலோகம் ஒரு சிட்டிகை கலந்த உருக்கு. முறிந்தால் அப்படியே பற்றவைக்கக் கூடாது. முதலில் அனலில் காய்ச்ச வேண்டும், பற்றவைத்த பின் சாம்பலில் புதைத்து மெள்ள ஆறவிட வேண்டும். இல்லாவிட்டால் இன்றைக்கு ஒட்டிக்கொண்ட மாதிரி காட்டும், நாளைக்கு வெடிக்கும். பற்றவைக்க வந்த தங்கராசுக்கு இது நன்றாகவே தெரியும். பாழாய்ப்போன அவசரம் யாரை விட்டது? "வெட்டின கரும்பு களத்துல காயுது, நீ இன்னாடா சாம்பல தேடினுகீற? தண்ணிய ஊத்து!" என்று தணிகைவேல் கத்தினார். ஊற்றிவிட்டான்.

மறுநாள் உச்சிவெயிலில் 'டிக்' என்றது. அச்சில் ஒரு கீறல் இல்லை. பக்கத்தில் தண்ணீர் நிரம்பிக் குளிர்ந்து கிடந்த கல்தொட்டி இரண்டாகப் பிளந்திருந்தது. அப்புறம் சாறு காய்ச்சாத கொப்பரை, பனியில் நின்ற மாட்டின் கொம்பு, தணிகைவேல் வீட்டுச் சுவர். குளிர்ந்ததை எல்லாம் பிளந்துகொண்டு, சூடானதைச் சுற்றிப்போய், வரப்போடு வரப்பாக அது சோரியாங்குப்பத்துப் பக்கம் திரும்பியது. அங்கேதான் தங்கராசு வீடு. வீட்டில் அவன் பெண்டாட்டி செங்கமலமும், காய்ச்சலில் கொதிக்கும் கைக்குழந்தை காசம்மாளும்.

வெடிப்பு வாசற்படி வரை வந்து, மயிரிழை மாதிரி மண்ணில் படுத்துக்கொண்டது. அது குளிர்ந்ததைத்தான் பிளக்கும் என்று செங்கமலம் கேள்விப்பட்டிருந்தாள். ஊரில் எந்தத் தாயாவது பிள்ளைக்குக் காய்ச்சல் இறங்கக் கூடாதென்று வேண்டுவாளா? அவள் வேண்டினாள். பொழுது சாயும் நேரம் குழந்தை வேர்த்தது. நெற்றியைத் தொட்டாள். சில்லென்றிருந்தது. வாசலில் வெடிப்பு ஒரு விரல்கடை நகர்ந்தது.

"ஐயோ, கொழந்தய தூக்கினு ஓடிப்போலாம் வா!" என்று தங்கராசு அலறினான்.

"எங்க ஓடறது? அது எங்க வேணா வரும்," என்றவள், தண்ணீர்ப் பானைக்குள் காலை விட்டாள். மரத்துப்போகும் வரை வைத்திருந்து, பல் கிடுகிடுக்க வந்து, வாசற்படிக்குக் குறுக்கே குதிகாலை ஊன்றினாள். "வெடிப்புக்கு எடம் வோணுமா? இந்தா, இங்க வா. பொம்பள குதிகாலுதான் உன் வூடு."

'டிக்.' ஏறிவிட்டது.

சேற்றில் நடவு நட்டவள் குதிகாலில் ஒரு வெடிப்பு கூடினால் யார் கேட்கப் போகிறார்கள்? ஒருவரும் கேட்கவில்லை. அச்சு அந்த வருஷமும் அடுத்தடுத்த வருஷங்களும் சுற்றியது. காசம்மாள் வளர்ந்தாள். மார்கழிப் பனியில் அந்தக் குதிகால் 'டிக்' என்னும் போதெல்லாம், "யம்மா, உன் காலு கூப்புடுது," என்று அடுப்பிலிருந்து சுடுசாம்பலை முறத்தில் அள்ளிவருவாள். செங்கமலம் காலைப் புதைத்துக்கொண்டு உட்காருவாள். சாம்பல் தானாக ஆறுகிற வரைக்கும் அவளை யாரும் அவசரப்படுத்துவதில்லை.