நனைந்த சேலை

நாரணாபுரம் பட்டாசுக் கம்பெனியில் மருந்து செலுத்தும் அறைக்குள், வெயில் காலமானால் கோணிச்சாக்கை நனைத்துத் தரையில் விரித்துவிடுவார்கள். சூட்டுக்கு மருந்து பற்றிவிடக் கூடாதே! ஐந்து மாத வயிற்றோடு பொன்மணி அந்தச் சாக்கில்தான் உட்கார்ந்திருந்தாள். சேலை நனைந்தது. சாக்கு ஈரம் என்று நினைத்தாள். மறுநாளும் நனைந்தது, மறுநாளும் அதையேதான் நினைத்தாள். பனிக்குடம் உடைந்து ஒழுகுகிறது என்று அவளுக்கு யார் சொல்ல?

கம்பெனி வேனை விட்டு இறங்கும்போதே குளிர்காய்ச்சல் தூக்கிப் போட்டது. அவள் பிறந்த வீட்டில் முதன்முதலில் காலேஜ் போன தங்கச்சி வீரலட்சுமிதான் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்தாள்.

டாக்டரம்மா வராந்தாவுக்கு வந்து சொன்னார்: "தண்ணி பூராம் போயிருச்சு. உள்ள கிருமி ஏறுது. வலி வர வச்சு இப்பவே எடுத்துறணும். இந்த மாசத்துல பிள்ளை பிழைக்காது. தள்ளிப் போட்டா தாயும் பிழைக்காது."

"துடிப்பு இருக்கா தாயி?" என்றாள் மாமியார் இருளம்மாள்.

"இருக்கு."

"அப்ப பொறுப்போம். எத்தன வருசம் கழிச்சுத் தங்குனது!"

வீரலட்சுமிக்கு ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. வராந்தாவில் அங்குமிங்கும் நடந்தவள் அக்கா புருசன் மாரிக்கண்ணன் முன்னால் போய் நின்றாள். "மச்சான், நீங்க என்ன சொல்றீக?"

அவன் செருப்பைப் பார்த்தான். "அம்மா சொல்றதும் நாயம்தான..."

"செத்தப்புறம் நாயம் பேசுவீகளோ?"

"ஏய், நாலு எழுத்துப் படிச்சுட்டா பெரியவுகள எதுத்துப் பேசுவியா?" என்று இருளம்மாள் பாய்ந்தாள்.

"என்னைய அப்புறம் வைவீக அத்தை. அவளக் கேட்டீகளா?"

கேட்டபிறகுதான் உறைத்தது. தானும்தான் கேட்கவில்லை. விடுவிடுவென்று உள்ளே போனாள்.

பொன்மணியின் நகக்கண்ணில் அலுமினியத் தூள் இன்னும் மினுங்கியது.

"துடிக்குதாடி?"

"துடிக்குதுக்கா. ஆனா பிழைக்காதாம்."

"நான் பொறுத்தா?"

"நீயும் போயிருவ."

பொன்மணி வயிற்றில் கை வைத்துக் கண்ணை மூடினாள். பிறகு கையை எடுத்தாள். "டாக்டரம்மாவக் கூப்பிடு. நானே சொல்றேன்."

பிள்ளை பிழைக்கவில்லை. பொன்மணிக்குக் காய்ச்சல் இறங்க நாளாயிற்று. இறங்கியது.

இறங்கிய அன்று காலை கம்பெனி போர்மேன் வீரலட்சுமிக்குப் போன் போட்டான். "லோடு நிக்குது. உங்கக்கா எப்ப வருவா?"

வீரலட்சுமி போனை வைத்துவிட்டு, கம்பெனி வேன் நிற்கும் இடத்துக்கு நடந்தாள். கதவைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்துக் கத்தினாள். "முழுகாம இருக்கவுக யாருக்காச்சும் சேலை நனையுதா?"

"கூறுகெட்டவளே, கேக்கிற கேள்வியப் பாரு!" என்று வேனே சிரித்தது.

பின் சீட்டில் ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. தூக்குவாளியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"இறங்குங்க" என்றாள் வீரலட்சுமி.