மூன்றாவது பெயர்

இரத்தினம்மா தன் இருபத்தாறு வருட உத்தியோகத்தில் எழுநூறு பிள்ளைகளுக்கு மேல் கையில் ஏந்தியிருப்பாள். கொழும்புத்துறையிலும் பாசையூரிலும் அரசாங்க மருத்துவிச்சி என்றால் அவள்தான். சனம் மிசி என்று கூப்பிடும். அந்த எழுநூறில் ஒரே ஒரு பிள்ளைக்கு அவள் ஞானஸ்நானம் கொடுத்திருக்கிறாள். அதையும் முழுதாகக் கொடுத்தாளா இல்லையா என்பது அவளுக்கே தெரியாது.

அது 1987 ஐப்பசியில் நடந்தது. சண்டை மூண்டு, ஊர்ச்சனம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஒதுங்கியிருந்தது. மூன்றாம் வகுப்பு அறையில் வாங்குகளை ஒன்றாக இழுத்துப் போட்டு, அதன்மேல் கமலாவதியைக் கிடத்தியிருந்தார்கள். ஏழாம் மாதம்தான் நடந்துகொண்டிருந்தது. புருஷன் சிமியோன் தச்சுவேலைக்குச் சாவகச்சேரிப் பக்கம் போன இடத்தில் பாதை அடைபட்டு நின்றுவிட்டான். இரத்தினம்மாவுக்கு உதவியாக நின்றது அயல்வீட்டு யசிந்தா மட்டும். அவள் கத்தோலிக்க மீன்பிடிக் குடும்பத்துப் பெண், பயப்படாதவள்.

பின்னேரம் மூன்று மணி போலப் பிள்ளை பிறந்தது. பெண்பிள்ளை. உள்ளங்கையில் அடங்குகிற உருவம். முதுகைத் தேய்த்து, வாயைத் துடைத்து, ஊதிப் பார்த்த பிறகு ஒரு முனகல் வந்தது, அவ்வளவுதான். இது தங்காது என்று இரத்தினம்மா மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். அவள் முகத்தைப் பார்த்தே கமலாவதி விளங்கிக்கொண்டாள்.

"மிசி, தண்ணி ஊத்துங்கோ."

இரத்தினம்மா அவள் குடிக்கத்தான் கேட்கிறாள் என்று நினைத்துப் பிளாஸ்கைத் திறந்தாள்.

"எனக்கில்லை. பிள்ளைக்கு. ஞானஸ்நானம்."

கமலாவதி பிறப்பில் சைவம். சிமியோன் வீட்டார் மலைநாட்டுத் தோட்டமொன்றில் பரம்பரையாக லூத்தரன் சபையில் இருந்தவர்கள். எண்பத்து மூன்று கலவரத்தில் எல்லாம் விட்டு ஓடிவந்து கொழும்புத்துறையில் குடியேறினார்கள். அப்படி வந்த ஏழெட்டுக் குடும்பங்களும் உள்ளூர்ச் சனம் கொஞ்சமும் சேர்ந்து, தகரம் போட்ட மண்டபமொன்றில் ஞாயிறு ஆராதனை நடத்தின. கமலாவதி கலியாணத்துக்கு முன் ஒரு வருடம் போதகரிடம் பாடம் கேட்டு, ஞானஸ்நானம் பெற்று அந்தச் சபையில் சேர்ந்தாள். அதற்குப் பிறகு பிறந்த வீடு அவளை ஒரு நல்லது கெட்டதுக்கும் கூப்பிட்டதில்லை.

"நான் சைவம், பிள்ளை. என்ரை கையாலை எப்பிடி?" என்றாள் இரத்தினம்மா.

"ஆர் ஊத்தினாலும் சரி. கை முக்கியமில்லை எண்டு போதகர் சொல்லித் தந்தவர். தண்ணியும் அந்தச் சொல்லும் இருந்தால் காணும்."

மார்த்தா என்று பெயரைச் சொல்லி, பிதாவின் பெயரால் ஒருதரம், குமாரனின் பெயரால் ஒருதரம், பரிசுத்த ஆவியின் பெயரால் ஒருதரம் தலையில் தண்ணீர் வார்க்கவேண்டும். மூச்சு வாங்க வாங்கக் கமலாவதி சொல்லிக்கொடுத்தாள். இரத்தினம்மா பிளாஸ்க் மூடியில் கொஞ்சம் தண்ணீர் எடுத்தாள். பெயரைச் சொன்னாள். பிதா என்றாள், வார்த்தாள். குமாரன் என்றாள், வார்த்தாள். அந்த நேரம் பார்த்து மைதானத்தில் ஷெல் விழுந்தது.

ஓடுகள் உடைந்து கொட்டின. இரத்தினம்மா பிள்ளைக்கு மேலே குப்புற விழுந்து மறைத்துக்கொண்டாள். நிமிர்ந்தபோது அறை முழுக்கப் புழுதி. கையில் மூடி இல்லை. காது இரைந்தது. தன் உதடுகள் அசைந்துகொண்டிருப்பது மட்டும் அவளுக்குத் தெரிந்தது. அவை அந்த மூன்றாவது பெயரைச் சொல்லினவா, முருகா முருகா என்று கூப்பிட்டனவா, அது தெரியவில்லை.

"முடிஞ்சுதோ, மிசி?" கமலாவதி கண்ணைத் திறக்காமலே கேட்டாள். அவளுக்கு இரத்தப்போக்கு நிற்காமல் இருந்தது.

"ஓம்," என்றாள் இரத்தினம்மா.

பிள்ளை அன்று சாகவில்லை, மறுநாளும் சாகவில்லை. இரத்தினம்மா அதைப் பஞ்சில் சுற்றித் தாயின் நெஞ்சோடு சேர்த்துக் கட்டினாள். முலைப்பாலைப் பீச்சித் துளித்துளியாக விட்டாள். பன்னிரண்டாம் நாள் அது வாய்விட்டு அழுதது. பள்ளிக்கூடத்தில் இருந்தவர்கள் எல்லாரும் வந்து எட்டிப் பார்த்தார்கள்.

மாசி பிறந்து சனம் வீடுகளுக்குத் திரும்பி ஓரளவு அமர்ந்த பிறகு, ஒரு திங்கட்கிழமை செபநாயகம் போதகர் கிளினிக்குக்குத் தேடி வந்தார். மெலிந்த மனிதர், கதைக்கும்போது சைக்கிள் பூட்டுத் திறப்பை விரலில் சுழற்றிக்கொண்டிருப்பார். வருகிற ஞாயிற்றுக்கிழமை பிள்ளையைச் சபை ஏற்றுக்கொள்ளப் போகிறது என்றார். அவசரத்தில் கொடுத்த ஞானஸ்நானமும் முழு ஞானஸ்நானம்தான், திரும்பக் கொடுப்பதில்லை. ஆனால் கொடுத்தவர் சபைக்கு முன்னால் நின்று மூன்று கேள்விக்குப் பதில் சொல்வது முறை. ஆர் கொடுத்தது, எதைக்கொண்டு கொடுத்தது, என்ன சொல்லிக் கொடுத்தது. ஒரு நிமிஷ வேலை என்று சிரித்தார். இரத்தினம்மாவும் சரி என்று தலையாட்டினாள்.

அன்று பிடித்தது அவளுக்கு வினை. பிள்ளைகளை நிறுக்கும்போது நிறையை எழுத மறந்தாள். ஒரு தாய்க்குச் சொல்லவேண்டியதை மற்றத் தாய்க்குச் சொன்னாள். பாசையூருக்குப் போக வெளிக்கிட்டவள் சைக்கிளில் சுண்டிக்குளிவரை போய்த்தான் பாதை மாறியதைக் கண்டாள். எனக்கென்ன, நான் வேதக்காரியோ என்று தன்னையே அதட்டிப் பார்த்தாள். இரண்டு சொட்டுத் தண்ணீரும் மூன்று சொட்டுத் தண்ணீரும் ஒன்றுதானே என்றும் சொல்லிப் பார்த்தாள். சொல்லிய வாய் மூடுமுன் அந்தப் புழுதி வந்து மூக்கில் ஏறியது.

யசிந்தாவிடம் கேட்டாள். யசிந்தா தனக்கு ஒன்றுமே கேட்கவில்லை, இடது காது இன்னும் சரியில்லை என்றாள். தனக்குக் கேட்டது என்று சொல்லிவிட்டால் போச்சு, அதிலே ஆருக்கு நட்டம் என்றும் சொன்னாள். தங்கள் கோவிலில் என்றால் சுவாமியார், 'நீ முந்திப் பெறாமல் இருந்தால்' என்று ஒரு சொல்லைச் சேர்த்து வார்த்துவிடுவார், சிக்கல் தீர்ந்துவிடும் என்பது அவளுடைய யோசனை.

சனிக்கிழமை இரத்தினம்மா கமலாவதி வீட்டுக்குப் போனாள். சொல்லிவிடுவது என்றுதான் போனாள். கமலாவதி பிள்ளையின் வெள்ளைச் சட்டைக்குப் பட்டுநாடா தைத்துக்கொண்டிருந்தாள். தானே கதைக்கத் தொடங்கினாள். பள்ளிக்கூடத்தில் கிடந்த அந்த நாட்களில் தனக்குப் பயமே வரவில்லை என்றாள். பிள்ளை போனாலும் கடவுளுடைய பெயரோடுதான் போகும் என்று நினைத்துக்கொண்டு கிடந்தாளாம். "நீங்கள் ஓம் எண்டு சொன்னியள் மிசி, அதோடை எனக்கு எல்லாம் அடங்கிப்போச்சு." இரத்தினம்மா தேத்தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் நாற்பது பேர் அளவில் இருந்தார்கள். சிமியோன் புது வேட்டி கட்டியிருந்தான். போதகர் இரத்தினம்மாவை முன்னுக்குக் கூப்பிட்டு, சாதாரணக் குரலிலே கேட்டார். ஆர் கொடுத்தது? நான், என்றாள். எதைக்கொண்டு கொடுத்தீர்கள்? தண்ணியாலை. என்ன சொல்லிக் கொடுத்தீர்கள்?

இரத்தினம்மா முன்வாங்கில் பிள்ளையோடு இருந்த கமலாவதியைப் பார்த்தாள்.

"ரெண்டு பெயர் சொன்னனான், ஐயா. மூண்டாவது சொன்னனோ எண்டு எனக்குத் தெரியாது. ஷெல் விழுந்திட்டுது. முடிஞ்சுது எண்டு பிள்ளையின்ரை தாய்க்குச் சொன்னது பொய்."

எல்லாரும் ஒரேயடியாகக் கதைத்தார்கள். கடவுள் பார்த்துக்கொள்வார், விட்டுவிடுங்கள் என்றார் ஒரு வயதானவர். சிமியோன் எழுந்து, திரும்பவும் கொடுத்தால் முதல் கொடுத்ததைப் பொய்யாக்குகிற மாதிரி ஆகாதா, ஒரே ஞானஸ்நானம் என்றுதானே எங்களுக்குப் படிப்பித்தது என்று கேட்டான். இரத்தினம்மா, யசிந்தா சொன்ன அந்த 'இருந்தால்' என்ற சொல்லைப் பற்றி மெல்லக் கேட்டாள்.

போதகர் வாங்கில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்.

"கத்தோலிக்கர் அப்பிடிச் செய்வினம். நாங்கள் செய்யிறேல்லை. ஞானஸ்நானம் கடவுள் குடுக்கிற வாக்கு. அதிலை 'இருந்தால்' எண்டு ஒரு சொல்லைப் போட்டால், இந்தப் பிள்ளை வளந்து அந்த 'இருந்தாலிலை' தொங்கிக்கொண்டு நிக்கும். நடந்தது எண்டு சாட்சி சொல்ல ஆளில்லாததை நடந்தது எண்டு நான் சொல்ல ஏலாது. சந்தேகம் இல்லாமல் இண்டைக்குக் குடுப்பம்."

கமலாவதி எழுந்தாள். பிள்ளையைத் தோளில் போட்டாள். "என்ரை பிள்ளைக்குக் குடுத்தாச்சு," என்றாள். இரத்தினம்மாவை அவள் பார்க்கவே இல்லை. மண்டபத்தின் நடுவால் நடந்து வெளியே போனாள். சிமியோன் கொஞ்ச நேரம் நின்று தவித்துவிட்டுப் பின்னால் ஓடினான்.

அதன்பின் ஐந்து ஞாயிறு கமலாவதி ஆராதனைக்கு வரவில்லை. போதகர் இரண்டுதரம் வீட்டுக்குப் போயும் அவள் அறையை விட்டு வெளியே வரவில்லையாம். இரத்தினம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. சொல்லாமல் இருந்த காலத்தில் இருந்த கரைச்சல் சொன்ன பிறகு போய்விடும் என்று நினைத்திருந்தாள். அது போகவில்லை, இடம் மாறி உட்கார்ந்துகொண்டது. அந்தப் பிள்ளைக்கு ஒரு காய்ச்சல் வந்தால் என்ன செய்வாளோ என்று தாயை நினைத்தாள். தாயின் நிம்மதியைப் பிடுங்கினது தான்தானே என்று நினைத்தாள். வீட்டில் அண்ணை கதிரவேலு, கோவில் திருவிழா வேலைகளை முன்னின்று பார்க்கிறவர், வேதக்காரர் சண்டையில் உனக்கென்ன வேலை என்று இரண்டுதரம் கேட்டார்.

பங்குனி நடுவில் கமலாவதி கிளினிக்குக்கு வந்தாள். மற்றத் தாய்மார் போகும்வரை காத்திருந்து, பிள்ளையை நிறுக்கக் கொடுத்தாள். மூன்றரைக் கிலோ. இரத்தினம்மா நிறையை எழுதிக்கொண்டிருக்கும்போதே அவள் கேட்டாள்.

"ஏன் மிசி சொன்னனீங்கள்? நீங்கள் எங்கடை சபை இல்லை. ஒரு சொல்லோடை முடிஞ்சிருக்கும்."

இரத்தினம்மா பேனாவை வைத்தாள். இந்தக் கேள்விக்கு அவளும் ஐந்து கிழமையாகப் பதில் தேடிக்கொண்டிருந்தாள்.

"நீ அண்டைக்கு என்ன சொன்னனீ? என்ரை கை முக்கியமில்லை, அந்தச் சொல்லுக் காணும் எண்டு. நானும் அதைத்தான் நம்பி ஊத்தினனான். பிறகு பாத்தால் நீ பிடிச்சுக்கொண்டு கிடக்கிறது அந்தச் சொல்லை இல்லை, பிள்ளை, என்ரை 'ஓமை'. என்ரை ஓம் பொய். அதிலை உன்னை எவ்வளவு நாளைக்கு இருக்க விடுறது?"

கமலாவதி அழுதாள். கோபம் முழுக்கப் போய்விடவில்லை. நீங்கள் அண்டைக்கே சொல்லியிருக்கலாம் என்றாள். சொல்லியிருக்கலாம்தான் என்று இரத்தினம்மாவும் ஒத்துக்கொண்டாள். பிள்ளை அன்று செத்திருந்தால் என்று கமலாவதி கேட்டாள். அதைப் போதகரிடம் கேள், எனக்குத் தெரியாது என்றாள் இரத்தினம்மா. கமலாவதி போய்க் கேட்டாள். தாய் கேட்டதைக் கடவுள் கேட்டிருப்பார், ஷெல் சத்தம் அவர் காதை அடைத்திருக்காது என்று போதகர் சொன்னதாகப் பிறகு சொன்னாள்.

குருத்தோலை ஞாயிறன்று பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்கள். இரத்தினம்மா கடைசி வாங்கில் இருந்தாள். போதகர் அவசரப்படாமல் மூன்று பெயரையும் சொன்னார். பிள்ளை கத்திக் குழறியது. சபை பாடத் தொடங்கியது. எல்லாருக்கும் ஆறுதலாக இருந்தது; இரத்தினம்மாவை மட்டும் ஒரு கேள்வி இருக்கவிடவில்லை. தேத்தண்ணீருக்கு நிற்காமல் வெளியே வந்து சைக்கிளை எடுத்தாள்.

அந்த வியாழக்கிழமை போதகர் வீட்டு வாசலில் போய் நின்றாள். சேர வரவில்லை, கேட்க வந்தேன் என்றாள். ஒன்றும் அறியாத பிள்ளைக்கு, ஒன்றும் செய்யாத பிள்ளைக்கு, கேளாமலே அதை எப்படிக் கொடுக்கலாம்? அப்படிக் கொடுக்கலாம் என்றால், பாடுபட்டு நேர்த்தி வைத்து விரதம் பிடித்து வந்த தன்னைப் போன்ற ஆட்கள் இவ்வளவு காலமும் செய்தது என்ன? போதகர் கதிரையை இழுத்துப் போட்டார். அதுதான் எங்கடை முழுப் பாடமும், ஒரு நாளில் முடியாது என்றார்.

ஒரு நாளில் முடியவில்லைதான். வியாழனுக்கு வியாழன் போனாள். சில கிழமை கோபித்துக்கொண்டு வந்தாள். சில பதில்கள் அவளுக்குப் பிடிக்கவே இல்லை. இலவசமாக வருகிற எதையும் வாழ்நாளில் அவள் நம்பியதில்லை, இதை மட்டும் எப்படி நம்புவது என்று போதகரோடு தர்க்கம் பண்ணினாள். விரதத்தை விட்டாள், பிறகு பயந்து திரும்பப் பிடித்தாள், பிறகும் விட்டாள். ஒரு நாள் கதிரவேலு அண்ணை, முடிவாகத்தான் போகிறாயோ என்று கேட்டார். இன்னும் தெரியாது, அண்ணை, என்றாள். அவர் அதன்பின் அவளோடு கதைப்பதைக் குறைத்துக்கொண்டார். அவருடைய பெண்சாதி மச்சாள்தான் இடையில் நின்று சோறு போட்டாள்.

ஒரு வருடமும் நாலு மாதமும் கழிந்து, 1989 ஆடியில், அவள் அந்தச் சபையில் சேர்ந்தாள். கமலாவதி அவளுக்குப் பக்கத்தில் சாட்சியாக நின்றாள், இடுப்பில் மார்த்தாவோடு. வீட்டிலிருந்து ஆரும் வரவில்லை. போதகர் கேட்டவற்றுக்கு அவள் ஒவ்வொன்றாகப் பதில் சொன்னாள். பிறகு அவர் மூன்று பெயரையும் சொல்லி, அவள் தலையில் மூன்றுதரம் தண்ணீர் வார்த்தார்.

ஆராதனை முடிந்து வெளியே வரும்போது, பாசையூரில் ஒருத்திக்கு நோக்காடு தொடங்கிவிட்டது, தலைப்பிள்ளை, உடனே வரட்டாம் என்று ஆள் வந்து நின்றது. தலை இன்னும் ஈரம். துவட்டிப் போங்கோ, மிசி, என்று கமலாவதி துவாயை நீட்டினாள். நேரமில்லை என்று சொல்லி, இரத்தினம்மா பையைக் கரியரில் கட்டிக்கொண்டு சைக்கிளில் ஏறினாள்.