சனிக்கிழமைப் பள்ளிக்கூடம்

சனிக்கிழமை காலை, கனத்த பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஹெட்டி கிழக்கு லண்டனில் தன் புதுப் பள்ளியின் வாசலில் நின்றாள். கேட் பூட்டிக் கிடந்தது. நேரமாகிவிட்டதோ என்று பதறிப்போய்க் கம்பியைப் பிடித்து உலுக்கினாள். உள்ளே முற்றம் கழுவிக்கொண்டிருந்த காவலாளி டெல்ராய் நிமிர்ந்து பார்த்தார்.

"என்னம்மா, எதையாவது மறந்து வச்சிட்டியா?"

"இல்லைங்க, கிளாஸுக்கு வந்தேன்."

"சனிக்கிழமையா? உனக்கு யாரும்மா சாபம் விட்டது? போய்ப் போர்வையை இழுத்துப் போத்திக்கிட்டுத் தூங்கு!"

ஹெட்டிக்கு முகம் சிவந்துவிட்டது. கெண்ட் மாவட்டத்தில் அவள் முன்பு படித்த தனியார் பள்ளியில் சனிக்கிழமை காலையும் பாடம் உண்டு, மதியம் ஹாக்கி உண்டு. சின்ன வயதிலிருந்து அப்படியே பழகியவளுக்கு, ஊர்ப் பிள்ளைகளெல்லாம் சனிக்கிழமை தூங்கும் என்று தோன்றவே இல்லை. யாரும் சொல்லவும் இல்லை. யார் சொல்வது? வாரம் முழுக்க அவளிடம் முகம் கொடுத்துப் பேசிய ஆளே இல்லை.

அடம்பிடித்து வந்தவளும் அவளேதான். நாடெங்கும் இருந்து பிள்ளைகள் முட்டிமோதும் அரசு மேல்நிலைப் பள்ளி அது. நுழைவுத் தேர்வு எழுதி அங்கே கணக்குக்கு இடம் பிடித்த அன்று அவளைக் கையில் பிடிக்க முடியவில்லை. இப்போதோ பழைய பள்ளி மரப்படிகளின் மெழுகு வாசனையும், காலுறையில் ஒட்டும் ஈரப் புல்லும், காலைப் பிரார்த்தனையில் தோழி வெரிட்டி காதைக் கடித்துச் சிரிக்கவைப்பதும் ஒவ்வொன்றாய் நினைவுக்கு வந்தன. அங்கே அவள் இடத்தைத் திங்கட்கிழமை வரை யாருக்கும் தருவதில்லை என்று பழைய பள்ளியின் தலைமையாசிரியை மிஸஸ் பார்ஜெட்டர் சொல்லியிருந்தார். ஹெட்டி வீட்டுக்குப் போகவில்லை. திரும்பி வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிடக் கெண்டுக்கு ரயில் ஏறினாள்.

அவள் போய்ச் சேர்ந்தபோது ஹாக்கி ஆட்டம் முடிந்திருந்தது. வெரிட்டி மட்டையைப் போட்டுவிட்டு ஓடிவந்து கட்டிக்கொண்டாள்.

"அடிப்பாவி! வர்றேன்னு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? இப்படி மெலிஞ்சிட்டியேடி, அங்க சாப்பாடே போடலையா?"

"கணக்கைக் குடுத்தே வயித்தை நிரப்புறாங்க."

இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். ஹெட்டிக்கு உயிர் வந்தது.

பிறகு சாப்பாட்டுக்கூடத்தில் தேநீர் விருந்து. வெளியிலிருந்து ஆட வந்த விருந்தாளி அணிதான் முதலில் சாப்பிடும். அவர்கள் முடிக்கும்வரை இந்தப் பள்ளிப் பெண்கள் பரிமாறிவிட்டுச் சுவரோரம் பசியோடு நிற்பார்கள். அதுதான் அங்கே வழக்கம். ஹெட்டி எப்போதும்போலப் பெரிய தேநீர்க் கெண்டியைத் தூக்கினாள். வெரிட்டி அதை மெல்ல வாங்கிக்கொண்டாள்.

"நீ எதுக்குடி இதைத் தூக்குறே? போய் உட்காரு."

எதிரணிப் பெண்களுக்கு நடுவே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, கூடத்திலேயே முதல் தட்டை அவள் முன்னால் வைத்தாள். அவ்வளவு பிரியமாக வைத்தாள். கொஞ்சம் குத்தலாக வைத்திருந்தாலாவது ஹெட்டி சண்டை போட்டிருப்பாள். சுவரோரம் பழைய தோழிகள் ஒருத்தியை ஒருத்தி கிள்ளிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அந்த வரிசையில் ஓர் இடமும் காலியாக இல்லை. விருந்தாளிக்கு வைத்த அந்தத் தட்டை ஹெட்டி தள்ளிவைத்தாள்.

மிஸஸ் பார்ஜெட்டர் வந்து தோளைத் தொட்டார். "உன் இடம் அப்படியே இருக்கு ஹெட்டி. திங்கக்கிழமை வந்துடுறியா?"

ஹெட்டி எழுந்து நின்றாள்.

"வேற யாருக்காவது குடுத்துடுங்க மிஸ். திங்கக்கிழமை எனக்கு ஸ்கூல் இருக்கு."

சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டாள்.