கை அக்காவின் முகம்

ஆசிய நாடுகளின் சமையலை மட்டுமே காட்டும் அந்தக் கட்டணச் சானலில் வெங்காயம் நறுக்கும் கை, மாவு பிசையும் கை, வாணலியில் நூடுல்ஸைத் தூக்கிப்போட்டுப் பிடிக்கும் கை எல்லாம் ஒரே ஆளுடையவை. ஸ்டூடியோவில் அந்த ஆளுக்குக் கை அக்கா என்று பெயர். முகம் வேறொருத்திக்குச் சொந்தம். அவளைச் சிரிப்புக்காரி என்பார்கள். மாதாமாதம் காசு கட்டிப் பார்த்தவர்கள் எல்லாம் அவளுடைய கைப்பக்குவத்தைப் புகழ்ந்து தள்ளினார்கள். அந்த மகராசிக்கு வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாது.

சிரிப்புக்காரி திடீரென்று வேறு சானலுக்குத் தாவிவிட்டாள். டைரக்டர் கை அக்காவைக் கூப்பிட்டார்.

"அக்கா, நீங்களே முகமும் காட்டிப் பாருங்களேன். ஒரு டெஸ்ட் எடுத்துரலாம். சரியா வந்துச்சுன்னா ப்ரோகிராம் உங்களுக்குத்தான்."

அன்றைக்கு அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. வீட்டுக்குப் போனதும் மகளிடம்தான் முதலில் சொன்னாள். டிவியில் வருவது எங்கம்மா கை என்று பள்ளியில் பீற்றிக்கொள்ளப் போய், "அப்ப உங்கம்மாவுக்குத் தலை இல்லையா?" என்று கேலி வாங்கி அழுதுகொண்டு வந்த பெண் அது.

"நல்லா தெரியுற மாதிரி நில்லும்மா. எல்லாரும் பாக்கணும்."

டெஸ்ட் நாளன்று முகத்துக்குப் பூச்செல்லாம் பூசி நிறுத்தினார்கள். இஞ்சி, பூண்டு, காளான் என்று வரிசையாக நறுக்கினாள். கத்தி போன வேகத்தைப் பார்த்துக் கேமராக்காரரே "அடேயப்பா" என்றார். ஆனால் திரையில் பார்த்தால் கை இருக்கிறது, தோள் இருக்கிறது, தலையைக் காணோம்.

வேறொன்றுமில்லை. பதினொரு வருடமாக அவள் வேலையே தலையை விலக்கிக்கொள்வதுதான். முகம் தப்பித்தவறிக் கேமராவில் விழுந்துவிடாமல் கழுத்தை இடது பக்கம் ஒடித்து வைத்துக்கொண்டு, கையை மட்டும் உள்ளே நீட்ட வேண்டும். இப்போது கத்தியைத் தொட்டாலே கழுத்து தானாகச் சாய்ந்தது. பாழாய்ப்போன உடம்புக்கு இன்றைக்கு நல்ல நாள் என்று யார் சொல்வது?

"அக்கா, தலை."

"சரி தம்பி."

"அக்கா, மறுபடியும் தலை வெளிய போயிருச்சு."

ஏழு தடவை எடுத்தார்கள். டைரக்டர் நல்ல மனுஷர்தான், இருந்தாலும் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தார்.

"இன்னும் ஒரே ஒரு தடவை தம்பி" என்று கெஞ்சினாள்.

இந்த முறை வீம்பாக நிமிர்ந்தாள். கேமராவை நேருக்கு நேர் பார்த்துச் சிரித்தாள். முகம் முழுசாகத் திரையில் வந்தது. லட்சணமாகத்தான் இருந்தது. வணக்கம் சொல்லி, நறுக்கிக்கொண்டே பேசவும் தொடங்கிவிட்டாள். கையைப் பார்க்காமல் ஒரு நாளும் நறுக்கியவள் இல்லை. கத்தி ஆள்காட்டி விரலில் ஆழமாக இறங்கியது.

நான்கு தையல் போட்டார்கள். கட்டோடு வந்து நின்றவளை மேனேஜர் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்.

"முகத்துக்கு வெளியிலேருந்து ஆள் பாத்துக்கறோம்க்கா. அடுத்த வாரம் ஷூட்டிங்கை நிறுத்த முடியாது பாருங்க, அதனால கைக்கும் ஒரு பொண்ண வரச் சொல்லிட்டோம். நீங்க நல்லா ரெஸ்ட் எடுங்க. விரல் ஆறினதும் கூப்பிடறோம்."

"சரிங்க" என்றாள். வேறு என்ன சொல்வாள்? முகமும் போய், இருந்த கையும் போனது. தழும்பு விழுந்த விரலை அவ்வளவு கிட்டத்தில் எந்தக் கேமராவும் காட்டாது.

பதினொரு வருடத்துக்கு முன்னால், இவளுக்கு முன்பு இங்கே கையாக இருந்தவளின் விரல்களில் கொதிக்கிற எண்ணெய் தெறித்தது. ஆறினதும் கூப்பிடுகிறோம் என்றுதான் அவளுக்கும் சொன்னார்கள். கூப்பிடவே இல்லை. அவளைக் கூப்பிட்டுவிடக் கூடாதே என்று, அந்த இடத்துக்கு வந்த முதல் இரண்டு மாதமும் தினம் வேண்டிக்கொண்டவள் இவள்தான்.