பள்ளிவாசல் நெல்

மூஸா மூன்றாவது தடவையாக நெல்லைத் தூற்றிக்கொண்டிருந்தான். காற்று எப்போதோ நின்றுவிட்டது. ஆனாலும் முறத்தைத் தலைக்கு மேலே தூக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகச் சரித்து, பதர் ஏதும் பறக்கிறதா என்று குனிந்து பார்த்தான். ஒரு கருக்காய் கண்ணில் பட்டால்கூடப் பொறுக்கி வீட்டுக் குவியலில் போட்டான். வீட்டுக் குவியலில் முக்கால்வாசி அதுதான் கிடந்தது. அரைகுறையாகப் பால் பிடித்த நெல். குத்தினால் குருணையாகப் போகும், வடிக்கும்போது தவிட்டு வாடை அடிக்கும். இதில் பாட்டு வேறு. மவ்லிதுக்கு ஓதுகிற பைத்தை வாய்க்குள்ளேயே முணுமுணுத்துக்கொண்டிருந்தான். களத்து ஓரத்தில் வைக்கோல் உதறிக்கொண்டிருந்த அவன் பெண்டாட்டி லத்தீஃபாவுக்கு அதைக் கேட்கக் கேட்கக் குமட்டிக்கொண்டு வந்தது.

"போதுங்க. கல்யாணப் பொண்ணுக்குக்கூட இம்புட்டுச் சிங்காரம் பண்ண மாட்டாங்க."

"பள்ளிவாசல் நெல்லு புள்ளே. அல்லாவுக்குக் குடுக்கறதுல கருக்காய் கெடக்கலாமா?"

முந்தி இதே வயல் ஹாஜியார் முகம்மது யூசுப்புடையதாக இருந்தது. அப்போதெல்லாம் மூஸாவும் ஊரில் எல்லாக் குத்தகைக்காரர்களையும் போலத்தான். அளந்து போடுகிற நெல்லில் அடியில் கொஞ்சம் பதரைக் கலந்துவிட்டு, வரும் வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வருவான். பிறகு சர்க்கார் நில உச்சவரம்பைக் குறைத்தது. உபரி நிலம் சர்க்காருக்குப் போவதற்குள் ஹாஜியார் வயலைப் பள்ளிவாசலுக்கு வக்ஃபாக, தர்மச் சொத்தாக எழுதிவைத்தார். எழுதிவைத்து, அதைப் பார்த்துக்கொள்ளும் முத்தவல்லியாகவும் தானே உட்கார்ந்துகொண்டார். சாட்சிக் கையெழுத்துப் போட்டவர் கட்சிக்காரர் கோவிந்தராசு. சாமியே இல்லை என்று குடவாசல் கடைத்தெரு மேடையில் தொண்டை கிழியக் கத்துகிறவர், அன்றைக்கு ஹாஜியார் வீட்டுப் பிரியாணிக்கு முதல் பந்தியில் உட்கார்ந்திருந்தார்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் ஹாஜியார் எழுந்து விஷயத்தைச் சொல்லி அழுதாராம். மூஸாவும் அழுதுகொண்டேதான் வீட்டுக்கு வந்தான்.

"இனிமே நாம எந்த மனுஷங்கிட்டயும் கைகட்டி நிக்க வேணாம் புள்ளே. அல்லாவோட நெலத்துல உழுவுறோம். இந்த நஸீபு யாருக்குக் கெடைக்கும்?"

அன்றிலிருந்து அவன் சந்தோஷமாக இருந்தான். அது வேஷம் என்று லத்தீஃபாவால் சொல்ல முடியவில்லை. நன்றாகத் தூங்கினான். மடைத் தண்ணீருக்காக யாரோடும் சண்டைக்குப் போகவில்லை. வெயிலில் களை பறிக்கும்போதுகூட முகம் தெளிந்திருந்தது. ஆனால் நெல் வண்டி மட்டும் முன்பு போன வழியிலேயே போனது. பள்ளிவாசலைத் தாண்டி, ஹாஜியார் வீட்டுக் கொல்லைக்கு. அதே பத்தாயத்தில்தான் கொட்டினார்கள். லத்தீஃபா ஒருமுறை அதைச் சொன்னபோது, பத்தாயம் எங்கே இருந்தால் என்ன, நெல் அல்லாவுடையதுதானே என்றான்.

பெருநாளைக்குத் தொழுதுவிட்டு வரும்போது ஹாஜியார் அவனை எல்லார் முன்னாலும் கட்டித் தழுவினார். முன்பெல்லாம் அவனைத் தள்ளி நிற்கச் சொல்லிப் பேசியவர். அவருடைய அத்தர் வாடை மூஸாவின் சட்டையில் ஒட்டிக்கொண்டது. அந்தச் சட்டையைத் துவைக்கவே கூடாது என்று சொல்லி ஆணியில் மாட்டிவைத்தான். தினமும் அதை எடுத்து முகர்ந்து பார்ப்பான். குடிசைக்குள் அந்த வாடை, ஜவ்வாதும் நெய்யும் பழைய வியர்வையும் கலந்த மாதிரி, சோற்றுப் பானை வரைக்கும் வந்தது. நான்காம் நாள் லத்தீஃபாவுக்கு ஓங்கரிப்பு தாங்கவில்லை. சட்டையைச் சவுக்காரம் போட்டு அலசி வேலியில் விரித்துவிட்டாள். அன்றைக்குத்தான் அவன் முதல்முறையாக அவளை அடிக்கக் கையை ஓங்கினான். அடிக்கவில்லை. அல்லாவிடம் மன்னிப்புக் கேட்டுத் தவ்பா செய்துவிட்டுத் திரும்பவும் சிரித்தான். அடித்திருந்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது.

அவளும் தொழுகிறவள்தான். தொழுது எழுந்தால் அவளுக்குச் சந்தோஷம் ஒன்றும் வரவில்லை. முட்டிதான் வலித்தது. மேலே ஒருத்தன் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்ற பயம் மட்டும் இருந்தது. அந்தப் பயத்துக்குப் பேர்தான் ஈமான், அல்லா மேல் வைக்கிற நம்பிக்கை என்று இத்தனை காலம் நினைத்திருந்தாள். இப்போது புருஷனைப் பார்த்தால், தனக்கு ஏதோ தெரியாமல் போய்விட்டதோ என்று சந்தேகம் வந்தது.

அறுவடைக்கு முன்னால் ஹாஜியார் வீட்டில் மாவு இடிக்கக் கூப்பிட்டிருந்தார்கள். ஹாஜியாரின் மனைவி மெஹராஜ் பேகம் ஊஞ்சலில் உட்கார்ந்து, வெகுளியாகத்தான் கேட்டாள்.

"ஏண்டி லத்தீஃபா, அடுத்த சம்பாவுக்கு டிராக்டரு வருதாமே. ஒங்க மாடுவள என்ன பண்ணப் போறீங்க? வித்துருவீங்களா?"

உலக்கை லத்தீஃபாவின் கையிலேயே நின்றது. வயலைச் சொந்த உழவுக்கு எடுக்கப் போகிறார்கள். குத்தகைப் பேச்சே இனி இல்லை. வீட்டுக்கு வந்து சொன்னாள். மூஸா கெக்கெக்கே என்று சிரித்தான்.

"அல்லாவோட நெலத்துலேருந்து என்னைய யாரு புள்ளே வெரட்ட முடியும்?"

களத்து நெல்லைத் தூற்றி முடித்த வாரமே தண்டோராப் போட்டார்கள். சாகுபடி செய்கிறவர்கள் குத்தகைக்காரர் என்று பேரைப் பதிந்துகொள்ள வேண்டும். பதிந்துவிட்டால் யாரும் லேசில் வெளியேற்ற முடியாது; கூலியாளுக்கு அந்த உரிமை கிடையாது. பக்கத்து வயல் இராஜாங்கம் சங்கத்துக்காரர், சிவப்புத் துண்டு போட்டிருப்பார். அவரே நேரில் வந்து சொன்னார்.

"பாய், நாளைக்கு அதிகாரி பள்ளிக்கூடத்துக்கு வர்றாரு. ஒழுங்கா வந்து பேரக் குடுங்க."

"அல்லா பேர்ல இருக்குற நெலத்துல என் பேரா? வேற வென வேணாம்ணே."

"நான் மாரியம்மன் கோயில் நெலத்துலதானய்யா பதியப் போறேன். ஆத்தா என்ன, கோவிச்சுக்கிட்டு வெளிநாடா போயிடப் போறா?"

"உங்க ஆத்தா உங்க கூடச் சண்டை போடுவா, அப்புறம் சமாதானமாயிடுவா. எங்க கத அப்படியாண்ணே?"

"ஆமாய்யா. எங்க ஆத்தா கோயில்லயும் தர்மகர்த்தான்னு ஒருத்தன் திங்கிறான். சாமிதான் வேற வேற. பத்தாயம் ஒண்ணுதான்." இராஜாங்கம் லத்தீஃபா பக்கம் திரும்பினார். "தங்கச்சி, நீயாவது இழுத்துக்கிட்டு வா."

அவள் இழுத்துக்கொண்டுதான் போனாள். பள்ளிக்கூடத்துக் கூரைக்குக் கீழே மேசை போட்டு அதிகாரி உட்கார்ந்திருந்தார். பக்கத்து நாற்காலியில் ஹாஜியார். அவருக்கு மட்டும் கலர் சோடா வந்திருந்தது. குடித்துவிட்டு மீசையை மெதுவாகத் துடைத்துக்கொண்டார். லத்தீஃபா வெள்ளைத் துப்பட்டியைத் தலைக்கு இழுத்துவிட்டுத் தூணோரமாக நின்றாள். பயமாக இருந்தாலும் ஒரு நம்பிக்கை இருந்தது. மூஸா பொய் சொல்ல மாட்டான். சந்தைக்கு மாடு விற்கப் போய், இது உதைக்கும் என்று வாங்க வந்தவனிடம் தானே சொல்லிவிட்டு, மாட்டோடு திரும்பி வந்தவன் அவன். அல்லாவுக்குப் பயந்து சொன்னேன் என்றான் அன்றைக்கு.

"பள்ளிவாசல் நெலம், மூஸா," என்றார் அதிகாரி. "நீ குத்தகைக்காரனா, கூலியாளா?"

"நான் அல்லாவோட ஊழியக்காரங்க."

நின்றவர்கள் சிரித்தார்கள். அதிகாரியும் சிரித்துவிட்டார்.

"அப்படி எழுத இதுல எடம் இல்ல பாய்."

"அப்ப கூலின்னே எழுதிக்கிடுங்க," என்றார் ஹாஜியார் மெல்லிய குரலில். "பள்ளிவாசல் வேலைக்காரன்தானே. என்ன மூஸா?"

மூஸா தலையை ஆட்டினான். முகத்தில் அதே தெளிவு. அதைப் பார்த்ததும் லத்தீஃபாவுக்கு அடிவயிற்றிலிருந்து புளித்துக்கொண்டு வந்தது. துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. மேசைக்குப் பக்கத்தில் வந்துவிட்டாள்.

"கூலின்னா கூலி குடுத்தது யாருங்க? வெத எங்களுது. மாடு எங்களுது. நடவு நட்டு என் காலு அழுகிக் கெடக்குது, பாக்குறீங்களா? வெளஞ்சதுல அவங்க பங்க நாங்கதான் அளந்து போடுறோம். கூலிக்காரன் எங்கயாச்சும் மொதலாளிக்கு நெல்லு அளப்பானா?"

"பொம்பளைங்க பேசுற எடமா இது?" ஹாஜியார் அவளைப் பார்க்காமல் மூஸாவைப் பார்த்துச் சொன்னார். "வீட்டுல சொல்லி வைக்கக் கூடாதா?"

இராஜாங்கம் கூட்டத்துக்குள்ளிருந்து, "நட்டவ பேசாம சோடா குடிச்சவரா பேசுவாரு?" என்றார். மறுபடியும் சிரிப்பு கிளம்பியது. அதிகாரி பேனாவால் மேசையைத் தட்டினார்.

"சத்தம் போடாதீங்க. பாய், நீ சொல்றதத்தான் நான் எழுத முடியும். இந்தம்மா சொல்றது நெசமா?"

மூஸா தோளில் கிடந்த துண்டைத் திருத்திப் போட்டுக்கொண்டான்.

லத்தீஃபா அவன் முன்னால் போய் நின்றாள். 

"நெலம் வேணாம்னு சொல்லுங்க, நான் ஒண்ணும் கேக்கல. அவங்ககிட்ட ஒருநாளு கூலி வாங்கியிருக்கீங்களா? அத மட்டும் சொல்லுங்க. அல்லா மேல ஆணையா சொல்லுங்க."

 மூஸாவின் சிரிப்பு மெல்லக் கலைந்தது. உதடு பிரிந்தது. சொல்லப் போகிறான் என்று நினைத்தாள். ஆனால் அவன் அவளைப் பார்க்கவில்லை, அதிகாரியையும் பார்க்கவில்லை. அவள் தோளுக்கு மேலாக அவன் கண் போய் ஹாஜியாரின் வாயில் நின்றது. ஓதக் கற்றுத்தருகிற லெப்பைக்கு முன்னால் உட்கார்ந்த சின்னப் பிள்ளை மாதிரி, முதல் எழுத்து அந்த வாயிலிருந்து வரட்டும் என்று அவன் உதடு பாதி திறந்தபடி காத்திருந்தது.