ஒரு வண்டி இடம்

கப்பலில் அவனை 'அடுக்கு' என்றுதான் கூப்பிடுவார்கள். டாங்கி, லாரி, ஜீப் எது எங்கே நிற்க வேண்டும் என்று தீர்மானிப்பது அவன் வேலை. துறைமுகமே இல்லாத கரையில் படையை இறக்கும் கப்பல் அது. வயிற்றில் வண்டிகள், பின்பக்கம் தண்ணீரை உள்ளே விட்டால் மிதந்து வெளியேறும் தட்டைப் படகுகள், தலைக்கு மேலே ஹெலிகாப்டர்கள். முதலில் இறங்க வேண்டியது கடைசியில் ஏற வேண்டும். அதில் தப்பு நடந்தால் அத்தனை பெரிய கப்பலும் தண்டம்.

இன்னொரு வழக்கமும் உண்டு. பக்கக் கதவை ஒட்டி ஒரு வண்டி நிற்கும் இடத்தைக் காலியாக விட வேண்டும். உள்ளே இருக்கும் வண்டி திடீரென்று தேவைப்பட்டால், அந்த இடத்தை வைத்துத்தான் ஒவ்வொன்றாக நகர்த்தி எடுக்க முடியும். இந்தமுறை பயிற்சிக்குக் கிளம்பும்போது ஒரு ஜெனரேட்டர் லாரிக்கு இடமில்லை என்று கையைப் பிசைந்தார்கள். "விடுங்க, நான் ஏத்திக் காட்டுறேன்" என்று அடுக்கு அதைக் கொண்டுபோய் அந்தக் காலியிடத்தில் செருகினான். கேப்டன் முதுகில் தட்டிக்கொடுத்தார். அவனுக்குத் தலைகால் புரியவில்லை. வெறும் பயிற்சிதானே, எவன் கேட்கப்போகிறான் என்ற மிதப்பு.

மூன்றாம் நாள் காலையில் உத்தரவு மாறியது. புயலில் கடல் ஊருக்குள் புகுந்துவிட்டது, போய் ஆட்களை மீட்டு வாருங்கள் என்றார்கள். அவன் தங்கையைக் கட்டிக்கொடுத்த ஊர் அது. மாப்பிள்ளை வெளியூரில். தங்கையும் மாமியாரும் மொட்டைமாடியில். இருவருக்கும் ஏழாம் பொருத்தம், இப்போது ஒரே குடைக்குள் நிற்கிறார்கள்.

ஊர் கண்ணுக்குத் தெரிந்ததும் போனில் தங்கையின் குரல் பதிவு வந்தது. "அண்ணா, உன் கப்பல் தெரியுது. உன்னை நல்லவன்னு அத்தை இன்னிக்குத்தான் முதல் தடவையா சொல்லியிருக்காங்க. தண்ணி பாதிப் படிக்கட்டு ஏறிடுச்சு. சீக்கிரம் வா."

அவனுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "வந்துட்டோம். எங்கயும் போகாத" என்று எழுதி அனுப்பினான்.

அதற்குப் பிறகுதான் வண்டித் தளத்துக்கு ஓடினான். ரப்பர் படகுகள் இருந்த லாரி ஆகக் கடைசியில், சுவரோரம் நின்றது. பயிற்சியில் அதற்கு வேலையே இல்லை என்று அவனே அங்கே தள்ளியிருந்தான். முன்னால் முப்பது வண்டிகள், நடுவில் ஆள் நுழையக்கூட வழியில்லை. தட்டைப் படகுகளிலோ டாங்கிகள். இறக்குவதற்குக் கரையே தண்ணீருக்கு மேல் இல்லை. ஹெலிகாப்டரைக் கிளப்ப விடாமல் காற்று அடித்தது.

கேப்டனிடம் போய் நின்றான். "ஜெனரேட்டர் லாரியைப் பக்கக் கதவு வழியா கடல்ல தள்ளிடலாம் சார். ஒரு மணி நேரத்துல படகை எடுத்துடுவேன்."

"அரசாங்கச் சொத்துய்யா அது. மேலிடத்துல கேக்காம என்னால தள்ள முடியாது."

"தப்பு என்னோடது சார். என் மேல எழுதிக்குங்க."

"எழுதத்தான் போறேன். முதல்ல அனுமதி வரட்டும்."

மேலிடம் அந்த லாரியின் பதிவு எண்ணைக் கேட்டது. பிறகு வாங்கிய வருடத்தைக் கேட்டது. அடுக்கு லாரியின் பம்பரில் இரண்டு கையையும் வைத்தபடி ஐந்து மணி நேரம் நின்றான். போனில் அவள் நடுவில் ஒருமுறை, "கிளம்பிட்டீங்களா?" என்று கேட்டிருந்தாள். "இதோ" என்று போட்டான். வேறென்ன போடுவான், பாவி.

அனுமதி வந்தது. லாரி ஒரே முழுக்கில் போய்விட்டது. சொன்னபடி ஒரு மணி நேரத்தில் படகை எடுத்துக்கொடுத்தான். படகுக்காரர்கள் பொழுது சாயுமுன் பதினொரு பேரோடு திரும்பினார்கள். அந்தத் தெருவில் வீடுகளே நிற்கவில்லை என்றார்கள்.

வந்தவர்களில் ஒருவர் அந்தத் தெருத் தையல்காரர். பீப்பாய்களைச் சேர்த்துக் கட்டி, அதில் தொற்றிக்கொண்டு தப்பியவர். அடுக்கு போர்வையோடு அவர் அருகில் குனிந்தான். கேட்காமலே அவர் பேச ஆரம்பித்தார்.

"பக்கத்து மாடியில ஒரு பொண்ணும் அதோட மாமியாரும் நின்னாங்க. இன்னும் ரெண்டு பேருக்கு இடமிருக்கு, வாம்மான்னு கூப்பிட்டேன். எங்க அண்ணன் எங்கயும் போகாதன்னு சொல்லியிருக்காருன்னு போனைத் தூக்கிக் காட்டுச்சு. கப்பல் கண்ணு முன்னால நிக்குது, நான் என்னத்தச் சொல்ல." அவர் நிமிர்ந்து பார்த்தார். "இந்தக் கப்பல்தானாம். அந்த அண்ணன் யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?"

அடுக்கு போர்வையை அவர் தோளில் சுற்றிவிட்டான்.

"தெரியாதுங்க" என்றான்.