ஆணியில் மாட்டிய தாலி

பழைய ஐரோப்பிய நாடகம் ஒன்றைத் தேயிலைத் தோட்டத் தமிழில் மாற்றி எழுதி, ஊர் ஊராக மேடையேற்றினான் ரஜீவ். பதுளையில் அதைப் பார்க்க ஸ்பிரிங்வெளியிலிருந்து அவன் மனைவி துஷாந்தினியும் அம்மா புஷ்பமும் வந்திருந்தார்கள்.

மேடையில் நாடகத்து மனைவி தாலியைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். கழுத்தில் தாலி இல்லாதது தெரியாமலிருக்க, கொழுந்து பறிக்கும்போது போடும் சட்டையைக் கழுத்துவரை பூட்டிக்கொண்டாள்.

போன வருஷம் ரஜீவோடு சண்டை போட்டு மூன்று நாள் துஷாந்தினி செய்தது அதுதான். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்திருந்தான் ரஜீவ்.

புஷ்பம் மருமகள் பக்கம் திரும்பினாள். "அதான் வீட்டுக்குள்ளயும் சட்டையோட திரிஞ்சியாடி?"

மண்டபம் கைதட்டியது.

முடிந்ததும் ரஜீவ் ஓடி வந்தான். "எப்படி புள்ள இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சுங்க. இனி உங்ககிட்ட அழக்கூட மாட்டேன். அழுதா நாளைக்கு பண்டாரவளையில கைதட்டுவாங்க."